ஹாடிகளின் சாட்சியம்

தென்னிந்தியக் காட்டுக் குடிகளைப் பற்றி மைசூரில் எழுதிக் குவித்த அளவுக்கு வேறு ஊர்களில் எழுதியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1928க்கும் 1935க்கும் இடையே மைசூர் நாட்டின் குலங்களையும் சாதிகளையும் பற்றி நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டது. 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், இந்திய மானிடவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம், மாநிலப் பழங்குடி ஆய்வு நிறுவனம் எல்லாம் இந்த ஊரில்தான் இருக்கின்றன. இவற்றின் நூலகங்களிலிருந்து ஒரு காலைப்பொழுதில் போய்விடக்கூடிய தொலைவில் ஹுன்சூர், எச்.டி.கோட்டே தாலுகாக்களின் ஹாடிகள் இருக்கின்றன. ஹாடி என்பது ஜேனு குருபரும் பெட்ட குருபரும் எரவரும் வாழும் சிறு குடியிருப்பு. அங்கிருந்த மக்களைப் பற்றி இத்தனை ஏடுகள் எழுதிய பிறகு, 2014இல், கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த குழு ஓர் அறிக்கை தந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஸாஃபர் அஸ்ஸாதி தலைமையிலான அந்தக் குழு, நாகரஹொளே காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு மறுவாழ்வுக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் 3,418 என்று கணக்குச் சொன்னது. யாரும் படிக்கவில்லை, அதனால்தான் இப்படி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்த ஏடுகள் ‘நீ எந்தக் குலம்’ என்ற கேள்விக்கே விடை தேடின. காட்டு மக்களின் உறவும் உரிமையும் ‘நீ எந்த இடத்தவன், யாருக்கு உறவு’ என்ற வேறொரு கேள்வியில் நின்றன. இரண்டாவது கேள்விக்கான விடைகளும் அதே பக்கங்களின் ஓரங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கிச் சேர்க்க ஒரே ஒரு நூல் போதாது, பரந்த வாசிப்பு வேண்டும் என்பதே இங்கே என் வாதம்.

முதலில் வந்த ஏடுகள் ஓரளவு நேர்மையானவை. திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் மைசூர், கன்னடக் கரை, மலபார் முழுவதும் சுற்றினார். அவருடைய பயணக் குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக வந்தன. அவருக்கு வேண்டியிருந்தது எந்த நிலத்தில் என்ன விளையும், யார் என்ன வேலை செய்வார்கள் என்ற விவரம். எனவே எச்.டி.கோட்டே பக்கத்துக் காட்டுக் குருபரை அவர்கள் செய்யும் வேலையோடு சேர்த்தே பார்த்தார். இரவில் தீப்பந்தத்தோடு நின்று உழவரின் வயல்களிலிருந்து யானைகளை விரட்டுபவர்களாக அவர்கள் அந்த ஏட்டில் வருகிறார்கள். காடும் கழனியும் கொடுக்கல் வாங்கலில் இருந்தன என்பதற்கு இது நல்ல சான்று. வெளியுலகம் தெரியாமல் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த மக்கள் என்ற சித்திரம் பின்னால் வந்தது. அரசு அவர்களை நாடியதும் வேலைக்காகவே. சாண்டர்சன் என்ற அதிகாரி 1874இல் பிலிகிரிரங்கன் மலையடிவாரத்தில் கெட்டா முறையில் யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடித்துக் காட்டினார். 1890களில் காகனகோட்டைக் காட்டுக்கு இடம் மாறிய அந்த யானைப் பிடிப்பு, மகாராஜாவின் விருந்தினர்களுக்கான பெருங்காட்சியாக வளர்ந்து, 1971 வரை அவ்வப்போது நடந்தது. தடம் பார்த்தவர்களும் யானையைப் பழக்கியவர்களும் பெரும்பாலும் குருபர்கள். ஏட்டில் விருந்தினர் பெயர் ஒவ்வொன்றாக இருக்கும்; தடம் பார்த்தவர்கள் ‘குருபர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏட்டின் இயல்பு மாறியது. 1901 மக்கள்தொகைக் கணக்கை ஒட்டி இந்தியா முழுவதற்கும் ஓர் இனவியல் அளவாய்வுக்கு ஆணை பிறந்தது. சென்னை மாகாணத்தில் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளை முடித்தார். மைசூரில் இந்தப் பணி எச்.வி. நஞ்சுண்டய்யாவிடம் வந்தது. பின்னாளில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர் இவர். 1920இல் அவர் மறைந்த பிறகு, கொச்சி நாட்டுக் குலங்களைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றிருந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் அந்தக் குறிப்புகளை வளர்த்து நூலாக்கினார். இவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. திருமணம், இறப்பு, வாரிசு, தெய்வம் என்று அவர்கள் விசாரித்து எழுதிய பலவற்றை இன்று வேறெங்கும் பெற முடியாது. ஆனால் தர்ஸ்டனின் தொகுதிகள் அடுக்கப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். ஆங்கில அகரவரிசை. ஒரே மலைச்சரிவில் ஒருவருக்கொருவர் அண்டை அயலாக வாழ்ந்த இருளர் இரண்டாம் தொகுதியில், குறும்பர் நான்காம் தொகுதியில், சோளகர் ஆறாம் தொகுதியில். மலையைத் தேடினால் எந்தத் தொகுதியிலும் முழுதாகக் கிடைக்காது. அந்தச் சோளகரிலும் கொள்ளேகால் பக்கத்தவர் அன்று கோவை மாவட்டத்துக் குடிகள், ஆகவே சென்னை ஏட்டில் இருப்பார்கள். எளந்தூர்ப் பக்கத்துச் சோலிகர் மைசூர் ஏட்டில் இருப்பார்கள். எளந்தூர் 1807இல் திவான் பூர்ணையாவுக்குக் கொடுக்கப்பட்ட ஜாகீர். அங்கே அரசுகள் வரைந்த கோட்டுக்கு இரு பக்கமும் மாமனும் மருமகனுமாக வாழ்ந்தவர்களை இரண்டு நூல்கள் இரண்டு பெயரில் பங்கிட்டுக்கொண்டன.

சோலிகரின் உலகம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதை அறிய, அண்மைக் காலத்தில் சோலிகர்களே ஆய்வாளர்களோடு சேர்ந்து பிலிகிரிரங்கன் மலையில் வரைந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மலை முழுவதும் யெல்லெ எனப்படும் பரப்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு யெல்லெயும் ஒரு குலத்தின் பொறுப்பு. அதற்குள் தேவருக்கு ஓரிடம், மாரம்மாவுக்கு ஓரிடம், வீருவுக்கு ஓரிடம், நீருக்கு ஓர் அப்பி, இறந்தவர்களுக்குக் கல் வைக்கும் கல்லுகுடி. இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் அந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டன. தேனேரு, ஹாலேரு, சூரியேரு என்று செல்லும் குலங்களில் ஒரு குலத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. ஆகவே எந்தக் குடும்பமும் தன் யெல்லெயோடும், தாய்வழியிலும் மனைவிவழியிலும் வேறு யெல்லெகளோடும் பிணைந்திருக்கும். இந்தப் பிணைப்பு மனிதர்களோடு நிற்பதில்லை. மலைமேல் கோயில் கொண்ட ரங்கநாதர் குசுமாலை என்ற சோலிகப் பெண்ணை மணந்தார் என்பது அவர்கள் வழங்கும் கதை. ஆகவே பெருமாள் அவர்களுக்கு ரங்க பாவா, அக்காள் புருஷன். குடகின் தேவரபுரத்தில் ஜேனு குருபரும் எரவரும் ஆண்டுதோறும் கூடும் குண்டெ ஹப்பாவில், தங்களைக் காட்டில் கைவிட்டுப் போன தெய்வத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். உறவினரைத்தானே இப்படி உரிமையோடு ஏச முடியும். ஜேனு குருபரிடையேயும் ஜம்மா எனப்படும் மூதாதையர் பரப்புக்கு இன்ன குடும்பம் என்ற கணக்கு உண்டு. தேன் எடுக்கும் மரம், கிழங்கு தோண்டும் சரிவு, முன்னோரைப் புதைத்த இடம் ஆகியவை அந்தக் கணக்குக்குள் வரும். அடையாளம், பண்பாடு, குடும்பம், உரிமை என்று நாம் நான்கு தலைப்பில் பிரித்துப் படிப்பவை இங்கே ஒரே பதிவேட்டின் நான்கு பத்திகள். அந்தப் பதிவேடு நிலத்தில் எழுதப்பட்டிருந்தது.

சுதந்திர இந்தியா தர்ஸ்டனின் கேள்வியைத்தான் மரபுரிமையாகப் பெற்றது. 1950இன் அட்டவணைப் பழங்குடியினர் ஆணை மாநிலவாரியான பெயர்ப் பட்டியல். 1956இல் மாநில எல்லைகள் மாறியபோது கொள்ளேகால் கோவையிலிருந்து மைசூருக்குப் போனது. குடகு தனி மாநிலம் என்ற நிலையை இழந்து மைசூரோடு சேர்ந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், பட்டியல்கள் மட்டும் அவர்கள்மேல் புரண்டன. குடகில் எரவர் என்று எழுதப்பட்டவர்களின் உறவினர் வயநாட்டில் அடியர் ஆனார்கள். மைசூரின் ஜேனு குருபருக்கு நெருங்கியவர்கள் நீலகிரியிலும் வயநாட்டிலும் காட்டுநாயக்கர் என்று பட்டியலில் ஏறினார்கள். சத்தியமங்கலம், பர்கூர் மலைகளின் சோளகரைத் தமிழ் வாசகர்கள் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலால் நன்கு அறிவார்கள். அந்த நாவலின் துயரம் இரு மாநிலக் காவல்துறைகள் இழைத்த துயரம் என்பதிலேயே, அந்த மலை மக்களுக்கு மாநில எல்லை என்னவாக இருந்தது என்பது தெரியும். பெயர்ப் பட்டியல் எவ்வளவு வழுக்கலான பிடி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கர்நாடகப் பட்டியலில் காடு குருபா என்று இருந்தது, பெட்ட குருபா என்று இல்லை. பெட்ட குருபர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், அந்தப் பெயருக்குப் பட்டியலில் இடம் கிடைக்க, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றும் வரை காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், மாநிலத்தின் பெரிய சமூகங்களில் ஒன்றான ஆடு மேய்க்கும் குருபர், தம்மைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி 2021இல் காகினெலெயிலிருந்து பெங்களூருக்கு நடந்தே போனார்கள். அவர்கள் கோரிக்கையின் நியாயம் இங்கே என் கவலையல்ல. காட்டு மக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு முழுவதும் ஒரு பெயரின் எழுத்துக்கூட்டில் தொங்கியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தமிழ்நாட்டில் காட்டுநாயக்கர் சான்றிதழ் வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட அதே காலத்தில் இடம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1900இன் மைசூர் வன ஒழுங்குமுறைச் சட்டம், 1941இல் பந்திப்பூரைச் சுற்றி அமைந்த வேணுகோபால வனவிலங்குப் பூங்கா, 1955இல் நாகரஹொளே சரணாலயம், 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973இல் பந்திப்பூரில் புலிகள் திட்டம், 1974இல் பழைய கெட்டா நடந்த காட்டையே நீரில் ஆழ்த்திய கபினி அணை, 1988இல் நாகரஹொளே தேசியப் பூங்கா. இவற்றுக்கு இடையில் ஹாடிகள் காலியாயின. அதே நாகரஹொளேயின் முர்க்கல்லில் ஒரு பெரிய விடுதி நிறுவனத்துக்குச் சுற்றுலா விடுதி நடத்த இடம் குத்தகைக்குக் கிடைத்தது. ஆதிவாசிகள் போராடி, வழக்குத் தொடர்ந்து, 1997இல் உயர் நீதிமன்றத்தில் அதைத் தடுத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தசராவுக்கு முன்னால் மத்திகோடு, பள்ளே முகாம்களிலிருந்து யானைகள் மைசூர் அரண்மனைக்கு வரும்போது பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவாடிகளும் குடும்பத்தோடு வந்து அரண்மனை வளாகத்திலேயே தங்குகிறார்கள். அவர்களில் ஜேனு குருபர் கணிசம். குழந்தைகளுக்குத் தற்காலிகப் பள்ளிகூட நடக்கிறது. 750 கிலோ தங்க அம்பாரி ஏற்றிய யானையை நடத்திச் செல்லும் சமூகத்துக்கு அரண்மனைக்குள் சில வாரம் இடம் உண்டு. வருடம் முழுவதற்குமான இடத்துக்குத்தான் வழக்கு.

இங்கே எழும் முதல் மறுப்பு கனமானது. இந்தியாவில் யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் போலக் கப்பலில் வந்து இறங்கிய ஒரு நாளைக் குறிக்க இங்கே வழியில்லை. ஆகவே எல்லாரும் பூர்வகுடிகளே என்பது இந்திய அரசு உலக அரங்கில் எடுத்துவரும் நிலை. 2007இல் ஐ.நா.வின் பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடு இதையும் கூடவே சொல்லி வைத்தது. வரலாற்றாசிரியர்களும் ஒரு வகையில் இதற்கு வலு சேர்க்கிறார்கள்: காட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாம் ஆதி முதல் அங்கேயே இருந்தவர்கள் இல்லை, போருக்கும் பஞ்சத்துக்கும் வரிக்கும் அஞ்சிக் காடேறியவர்களும் உண்டு. குறும்பர்கள் பல்லவரின் மிச்சம் என்ற ஊகம்கூட முன்பு உலவியது. இவை முழுவதையும் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் அசையாது. முதலில் வந்தவர் யார் என்பது மறுபடியும் குலத்தைப் பற்றிய கேள்விதான். யெல்லெயின் பொறுப்பு எந்தக் குடும்பத்துக்கு, கல்லுகுடியில் யாருடைய கல் இருக்கிறது என்பதற்கு ஐயாயிரம் ஆண்டு முந்தைய விடை தேவையில்லை. நான்கைந்து தலைமுறை நினைவு போதும். தஞ்சாவூரில் ஒரு மிராசுதாரரின் பட்டாவைச் சரிபார்க்கச் சோழர் காலம் வரை போகச் சொல்லி எந்தத் தாசில்தாரும் கேட்டதில்லை.

காட்டில் நிலையாக ஓரிடத்தில் இருந்ததே இல்லை, இடம் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்கு இடத்தின்மேல் உரிமை எப்படி என்பது வன அதிகாரிகள் பலரும் கேட்பது. அவர்கள் இடம் மாறினார்கள் என்பது உண்மை. ஆனால் மாறியது ஓர் எல்லைக்குள், ஒரு சுழற்சியில். அந்த எல்லைக்கு யெல்லெ, ஜம்மா என்று பெயரும் இருந்தது. இதைவிடத் தயங்க வைக்கும் மறுப்பு வேறொன்று: ஹாடிகளில் பலரே வெளியேற விரும்பினார்கள், பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் கேட்டார்கள். அதுவும் உண்மை. ஹுன்சூர் தாலுகாவின் நாகாபுர மறுகுடியேற்றத்துக்கு இசைந்து போன குடும்பங்களை ஏமாந்தவர்கள் என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது அகந்தை. ஆனால் ஒருவர் தன் ஊரை விட்டுப் போவதற்கும், உனக்கு ஊரே இருந்ததில்லை என்று சொல்லிக் கிளப்புவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதில் பின்னால் திரும்பி வரும் வழி, கல்லுகுடிக்குப் போகும் வழி, தேன் எடுக்கும் உரிமை எல்லாம் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை. பின்னதில் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. புலிக்காக என்று சொல்லப்படும் வாதத்துக்கும் பிலிகிரிரங்கன் மலையிலேயே ஒரு பாடம் கிடக்கிறது. சோலிகர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு இடும் சிறு தீ தடை செய்யப்பட்ட பின்னர் லந்தானா புதர் காட்டை எப்படி மூடியது என்பதை 1997, 2008 அளவாய்வுகளை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தீயை நிறுத்தியதே முழுக் காரணம் என்று அறுதியிட நான் துணியமாட்டேன். சோலிகர் அதைத்தான் காரணம் என்கிறார்கள், அவர்களின் கூற்றுக்கு அறிவியல் இடம் தருகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஏடுகள் காலனியத்தின் கைவேலை, ஆகவே தூக்கி எறி என்ற குரலும் இன்று பலமாகக் கேட்கிறது. மண்டையோட்டை அளந்து மனிதரைத் தரம் பிரித்தவர்களின் நூல் எதற்கு என்ற கோபம் எனக்கும் புரிகிறது. இதற்கு விடை, நம் அண்டை மலையையும் தொலைதூரத் தீவு ஒன்றையும் இணைக்கும் ஒரு சங்கதியில் இருக்கிறது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டாரஸ் நீரிணைக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், மர்ரே தீவில் வீடு வீடாக வம்சாவளி கேட்டு எழுதினார். அதே முறையை 1901-02இல் நீலகிரியில் தோடரிடம் கையாண்டு, 1906இல் புகழ்பெற்ற நூலை எழுதினார். அந்த மர்ரே தீவு மக்களின் நில உரிமையை 1992 ஜூனில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் மாபோ வழக்கில் ஏற்றபோது, வழக்கின் சான்றுகளில் அந்தப் பழைய ஆய்வுக் குழுவின் பதிவுகளும் இருந்தன. ஆராய்ச்சிக்கு எழுதியது உரிமைக்குச் சாட்சி சொன்னது. இதில் ஒரு கசப்பும் உண்டு. வழக்குக்குப் பெயர் தந்த எடி மாபோ, தாய்மாமன் வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாகப் போனவர். தத்து மூலம் தனக்கு வந்ததாக அவர் சொன்ன நிலத்தின் மீதான தனி உரிமையைக் கீழ்நீதிமன்றம் ஏற்கவில்லை. இறுதித் தீர்ப்பைக் காணாமலே அவர் இறந்தும் போனார். தீவின் வழக்கப்படி முழு மகனாக இருந்தவர், நீதிமன்றத்தின் குடும்பக் கணக்கில் தேறவில்லை. குடும்பம் எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, நிலமும் அவரிடமே போகிறது.

இந்தியாவின் 2006 வன உரிமைச் சட்டம் இந்த இடத்தில் எதிர்பாராத அளவுக்குத் தெளிவானது. உரிமை கோருபவர் எவற்றைச் சான்றாகக் காட்டலாம் என்று அதன் விதிகளின் 13ஆம் விதி வரிசைப்படுத்துகிறது. அரசிதழும் கணக்கெடுப்பும் வனத்துறையின் பழைய செயல்திட்டங்களும் அதில் உண்டு. இந்திய மானிடவியல் அளவைத் துறை போன்ற நிறுவனங்களின் ஆய்வுகள் உண்டு. கிணறு, இடுகாடு, புனித இடம் உண்டு, வம்சாவளி உண்டு, உரிமை கோராத முதியவரிடம் எழுதி வாங்கிய வாக்குமூலமும் உண்டு. அதாவது, மைசூர் நூலகங்களின் அலமாரிகளும் ஹாடியின் கிழவியும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2011இல் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு அக்டோபரில், அங்கிருந்த சோலிகர் கிராம சபைகள் இருபத்தைந்துக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி நடந்தது நாட்டில் அதுவே முதல்முறை. மலையின் இடங்களைப் பெயரோடும் குலத்தோடும் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

நாகரஹொளேயின் குடகுப் பக்கத்தில் கதை வேறு மாதிரி. 2025 மே மாதம் ஐம்பதுக்கு மேற்பட்ட ஜேனு குருபக் குடும்பங்கள், தங்கள் முன்னோர் வாழ்ந்ததாகச் சொல்லும் கரடிகல்லு அத்தூர்கொல்லிக்குத் திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது முன்னோரின் புதைகுழிகள், தெய்வ இடங்கள், பெரியவர்களின் நினைவு. இவை மூன்றும் 13ஆம் விதியில் உள்ளவைதான். ஆனாலும் அவர்களின் உரிமை கோரல் நிராகரிக்கப்பட்டது. இப்படிப்பட்ட கோரல்கள் வரும்போது முதியவரின் வாக்குமூலத்தோடு மைசூரின் அந்த நான்கு தொகுதிகளையும் பழைய கெட்டாப் பதிவுகளையும் வனத்துறையின் செயல்திட்டங்களையும் ஊர்ப்பெயர் ஊர்ப்பெயராக வைத்துப் பார்க்கும் வேலையைப் பல்கலைக்கழகமும் பழங்குடி ஆய்வு நிறுவனமும் செய்ய முடியும். ஏடுகள் அவர்களிடம் இருக்கின்றன. விண்ணப்பங்கள் ஹாடிகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன.